மிசினின் அடிவயிறு

நீதான் பண்ணினாய், இவ்வளவும் உன்னால்தான் வந்தது. இந்தச் சொல் நேற்றுக் காலையிலிருந்து நாச்சிமுத்துவின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. யார் முகத்தில் வீசுவது என்பதுதான் பிடிபடவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்கு அவர் வீசாத வசவு கிடையாது. பழைய இரும்பு யாவாரத்தில் முதலில் வீச வேண்டும், பட்ட ஆள் யாரென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுதான் வழக்கம். இன்று அது முடியவில்லை. வீட்டு முகப்பில் கார் நிறுத்துகிற கூரைக்கடியில் கோணிச்சாக்கை விரித்து, புல் வெட்டும் ரோபோ மிசினை அதன்மேல் மல்லாத்திப் போட்டுவிட்டு, ஒரு கையில் திருப்புளியும் இன்னொரு கையில் காகிதப் பொட்டலமுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மணி பத்தேகால். பதினொன்றுக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறான். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பார்த்து எழுதிக்கொண்டு போவான். அதற்குள் மிசினின் வயிற்றில் இருக்கிற மூன்று தடித்த பிளேடுகளையும் கழற்றிவிட்டுக் கம்பெனி கொடுத்த மூன்று மெல்லிய பிளேடுகளை மாட்டிவிட வேண்டும். மூன்று திருகாணி, பத்து நிமிஷ வேலை. இரும்பிலேயே பிறந்து இரும்பிலேயே வளர்ந்த கை. அந்தக் கை இன்னும் முதல் திருகாணிக்கே போகவில்லை. மார்கழிக் குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பத்தேகால் மணிக்கு என்ன குளிர்? மருதமலையே பளிச்சென்று தெரிகிற வெயில் புல்வெளி முழுக்க இறங்கி மஞ்சளாக நின்றது. புல் நடுவே, குழாயடிச் சரிவில் மட்டும், ஒரு இடம் பச்சையாக இல்லை. நேற்றே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியாயிற்று. அப்படியும்.

தூணோரம் பூவாத்தாள் நேற்றுக் கழற்றிப் போட்ட அந்த ரப்பர் செருப்பு கிடந்தது. அதைப் பார்க்கக் கூடாது. யாவாரத்தில் அவர் தானாகக் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது: எது வேண்டுமோ அதன் பக்கம் கண்ணே போகக் கூடாது, நாலு உபயோகமில்லாத சாமானைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில், ஆமா இது என்ன சும்மா கிடக்குது, என்று காலால் நெம்ப வேண்டும். அப்படியே நேற்றிலிருந்து அந்தச் செருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது எடுத்துப் போட்டிருக்கலாமே, எடுத்துப் போடுகிற ஆள் யார், பூவாத்தாள்தான் எடுத்துப் போடுகிற ஆள். வாரத்தில் மூன்று நாள் கோரை பிடுங்க வந்துகொண்டிருந்தவள்; மிசின் வந்த பிறகு அதை ஒரு நாளாக ஆக்கியவர் அவர்தான். அதற்கும் அவள் முகம் கோணவில்லை. கோரையோட வேரு மிசினுக்குத் தெரியாதுங் முதலாளி, அதுக்கு நாந்தானுங் வேணும், என்று சிரித்தாள். மிசினுக்குக் கன்னுக்குட்டி என்று பேர் வைத்ததும் அவள்தான். உங்க கன்னுக்குட்டி மேயப் போயிருச்சுங், மேட்டுல ஏறமாட்டேன்னு மொரண்டு பண்ணுதுங், வவுறு ரொம்பி வீட்டுக்குத் திரும்பிருச்சுங். நேற்று ஏழரை மணிக்கு அந்தக் கன்னுக்குட்டி பனி ஈரத்தில் குழாயடிச் சரிவிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் முதுகைக் காட்டிக் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஓடினால் ஈ பறக்கிற சத்தத்துக்கு மேல் போடாத மிசின். அவர் இங்கே, இதே இடத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு டக். அவ்வளவுதான். கல்லில் பட்டுவிட்டது என்று நினைத்தார். சனியனே, கல்லப் பொறுக்கச் சொன்னனல்ல, என்று பேப்பரை இறக்காமலே சத்தம் போட்டார். அலறல் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் மனசை இத்தனை அறுக்காது. பேப்பரை இறக்கியபோது பூவாத்தாள் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்து, தன் வலது பாதத்தை யாரோ வேற்றாள் பாதத்தைப் பார்க்கிறதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இரண்டு விரல் இல்லை. பிறகு அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்: ஐயோ முதலாளி, மிசினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?

மிசினுக்கு ஒண்ணும் ஆகலீங்களே. நேற்றிலிருந்து இந்த மூன்று சொல் அவர் காதுக்குள் எந்தப் பக்கமும் போகாமல், புல்வெளியைச் சுற்றி மண்ணில் புதைத்த எல்லைக் கம்பியில் முட்டித் திரும்புகிற மிசின் மாதிரி, திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை, பாரு, மல்லாந்து கிடக்கிறது ராசா மாதிரி. இந்த ஒரு வருஷத்தில் ஒரு ஆளையும் இதன் கிட்டே விட்டதில்லை. போன தை மாசம் பொருட்காட்சியில் ஆறு மணி நேரம் நின்று பேசி, விற்கிறவன் கண்ணில் தண்ணி வராத குறையாக அடித்துப் பிடித்து வாங்கியது. தையிலும் மாசியிலும் புல் இளைத்துக் கிடக்கும், வெட்டுகிற உயரத்தை ஒரு படி தூக்கி வைக்க வேண்டும், அவர்தான் வைத்தார். பங்குனியில் மத்தியான வெயிலில் ஓட்டினால் பேட்டரி காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுடும். சார்ஜ் ஏற்றுகிற பெட்டிக்கு மேல் தென்னந்தடுக்கில் பந்தல் போட்டு, காலை மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று வேளை வைத்தார். ஆடிக்காற்றில் வேப்பங்குச்சியெல்லாம் சக்கரத்துக்குள் போய்ச் சொருகிக்கொள்ளும், ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். புரட்டாசியில் பெருச்சாளி மண்ணுக்குள்ளே எல்லைக் கம்பியைக் கடித்துவிட்டது. எந்த இடமென்று தெரியாமல் நானூறு அடிக் கம்பியையும் தோண்டவா முடியும்? பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கம்பிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். கம்பியில் மின்சாரம் வருகிற வரைக்கும் ரேடியோவில் கொர் என்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது, செம்பருத்திக்குப் பக்கத்தில் பட்டென்று நின்றது, தோண்டினால் அங்கேதான் அறுந்திருந்தது. அன்று பூவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னங் முதலாளி, புல்லுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டறீங்களா? ஐப்பசி மழையில் சக்கரப் பல்லெல்லாம் சேறு ஏறி உருண்டையாகிவிடும், பழைய பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கார்த்திகையில் மூன்று வாரம் ஓட்டவே இல்லை. துடைத்து, பாதி சார்ஜில் நிறுத்தி, துணி போர்த்திப் படிக்கட்டுக்கடியில் வைத்தார். பச்சக் கொழந்தையக்கூட இப்படிப் பாக்கலியே நீங்க, என்று வசந்தாமணி சொன்னாள், அவர் மனைவி. பெருமையாகத்தான் இருந்தது. எல்லாம் பார்த்தாயே, மழை பார்த்தாய் வெயில் பார்த்தாய் பெருச்சாளி பார்த்தாய். பிளேடு?

பிளேடுக்கு வந்துவிட்டது நினைப்பு. வராமல் இருக்கத்தான் தையிலிருந்து மார்கழி வரைக்கும் சுற்றிக்கொண்டு வந்தது. காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். இந்தப் பொட்டலம் ஒரு வருஷமாகப் பீரோவில் துணிக்கடியில் கிடந்தது. பொருட்காட்சியில் விலை படிந்த பிறகும் அவர் விடவில்லை, இன்னும் என்ன தர்றே, இன்னும் என்ன தர்றே என்று நச்சரித்ததில், அந்தப் பையன் இடுப்பில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இந்தாங்க சார், ரெண்டு செட்டு பிளேடு சும்மா வச்சுக்கோங்க, என்று எடுத்துக் கொடுத்தான். சும்மா. அங்கேதான் விஷயம் கெட்டது. நாச்சிமுத்து வாழ்க்கையில் சும்மா வந்த பொருள் ஒன்றுகூட உருப்படியாக இருந்ததில்லை. போராடி வாங்கினதுதான் பொருள். சும்மா கொடுக்கிறவன் தள்ளிவிட முடியாததைத்தான் கொடுப்பான். வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார், முகம் மழிக்கிற பிளேடு கனம்கூட இல்லை. மிசினில் ஏற்கெனவே மாட்டியிருந்ததும் அதே தகடுதான், விரலால் தொட்டால் தொளதொளவென்று இப்படியும் அப்படியும் ஆடியது. ஏமாத்திட்டான், என்று அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டு கணபதி ஏரியாவில் இரும்பு கடைகிற லேத் வைத்திருக்கிற டர்னர் ஆரோக்கியத்திடம் போனார். ரம்பத்துக்குப் போடுகிற எஃகில் மூன்று மில்லி கனத்தில் வெட்டிக் கொடுடா. ஆரோக்கியம் அந்தப் பழைய பிளேடை வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தான். இருபது வருஷப் பழக்கம், இருந்தாலும் அவர் கோபத்துக்குப் பயந்துதான் பேசுவான். ஏனுங் அண்ணா, ஓட்டையைப் பாருங்க, போல்ட்டைக் காட்டியும் பெருசா வச்சிருக்கான். ஆடணும்னே வச்ச மாதிரியல்ல இருக்குது? ஆடறதுக்கு அதென்ன மிசினாடா தொட்டிலாடா, என்றார் நாச்சிமுத்து. கடையில் இருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். ஆரோக்கியமும் சிரித்துவிட்டான், சிரித்துவிட்டு வெட்டிக் கொடுத்தான். நீதான் பண்ணினாய் என்று அவனைச் சொல்லலாமா? வெட்டினது அவன் கை. சொல்லிப் பார்த்தார் மனசுக்குள். அவன் வெளிச்சத்தில் அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பு முன்னால் வந்தது. சொல் திரும்பி வந்துவிட்டது, விலை படியாத சரக்கு மாதிரி.

வேலையைப் பாரு. மணி பத்தரை. முதல் தடித்த பிளேடின் போல்ட்டை நெம்பினார், கழுத்து நரம்பு புடைக்க. என்ன இறுக்கு இறுக்கியிருக்கிறார். ஆடாமலிருக்க ஸ்பிரிங் வாஷர் போட்டு, காலால் மிசினை மிதித்துக்கொண்டு இறுக்கினது. கழன்றது. அதன் ஓரத்தில் காய்ந்த புல்லும் வேறு என்னவோவும் ஒட்டியிருந்தது. புல்தான், புல்தான் என்று சொல்லிக்கொண்டு வேஷ்டி முனையால் துடைக்கப் போனவர் வேஷ்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, சாக்கில் துடைத்தார். பொட்டலத்திலிருந்து மெல்லிய பிளேடையும் அதற்கென்று கொடுத்த சிறிய திருகாணியையும் எடுத்து வைத்துத் திருகினார். முட்டும் வரைக்கும் திருகினார். பிளேடு ஆடியது. இன்னும் இறுக்கினார். திருகாணி நின்றுவிட்டது, பிளேடு ஆடியது. எவன்டா இவன், என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இறுக்கினார், திருப்புளி வழுக்கி உள்ளங்கையில் குத்தியது, பிளேடு ஆடிக்கொண்டேயிருந்தது. கழற்றினார். திருகாணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரை ஆரம்பிக்கிற இடத்துக்கும் தலைக்கும் நடுவில் மரையே இல்லாமல் வழவழவென்று ஒரு சின்னக் கழுத்து. எவ்வளவு இறுக்கினாலும் அந்தக் கழுத்துதான் போய் முட்டும். பிளேடை இறுக்காது. ஒரு நூல் அளவு. தெரியாமல் வந்ததல்ல. லேத்தில் ஒரு ஆள் நின்று, ஒவ்வொரு திருகாணிக்கும் இந்தக் கழுத்தைக் கடைந்திருக்கிறான். இரும்பைத் தொட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் விளங்கும், பார்த்தால். திரும்ப மாட்டிவிட்டு, ஆட்காட்டி விரலை நீட்டிப் பிளேடின் முனையை, மெல்ல, எதிர்ப் பக்கத்திலிருந்து தள்ளினார். பிளேடு மடங்கிக்கொண்டது. கதவு மாதிரி உள்ளே ஒதுங்கி வழிவிட்டது. விரலை எடுத்தார். இன்னொரு தரம் தள்ளினார். மறுபடியும் ஒதுங்கியது. புல்லுக்கு வெட்டும். விரலுக்கு ஒதுங்கும். அதற்குத்தான் ஆட்டம், அதற்குத்தான் தொளதொளப்பு. அதை எறிந்துவிட்டு, ஒதுங்காததாகப் பார்த்து, காசு கொடுத்து, காலால் மிதித்து, இறுக்கினது. புல்வெளியில் இரண்டு மைனா இறங்கி ஏதோ கொத்திக்கொண்டிருந்தன. அந்த இடத்திலா, இல்லை, அதற்கு அந்தப் பக்கம். எழுந்து போய் விரட்ட வேண்டும். இந்த மெல்லிய பிளேடே இருந்திருந்தால் லேசாகக் கீறியிருக்கும். அவ்வளவுதான் ஆகியிருக்கும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மத்தியானம் சாப்பிட வந்திருப்பாள், கன்னுக்குட்டி கடிச்சிருச்சுங் என்று வசந்தாமணியிடம் காட்டிச் சிரித்திருப்பாள்.

ஏனுங், காப்பி ஆறுதுங், என்று வசந்தாமணி டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். அவர் சட்டென்று வேஷ்டியை இழுத்து மிசினின் வயிற்றை மறைத்தார். அவள் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பேசுனனுங், பூவாத்தா புள்ளைதான் எடுத்துச்சு. விரலை ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாங்களாமா. அது அழுகுது, இவ அழுகலையாமா. மிசினு ரிப்பேரா ஆயிருச்சான்னு கேட்டுட்டே கெடக்கறாளாமா. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி பூவாத்தாள் வேலைக்குப் போகிற மேல்வீட்டுப் பக்கம் கண்ணைக் காட்டினாள். அந்தம்மா வந்துட்டுப் போச்சுங். இனி எங்களுக்கு அவ வேண்டாம், பார்க்காம கால விட்டுக்கற ஆளு, நாளைக்கு எங்கூட்டுல எதையாச்சும் இழுத்து வைக்கும்ங்குது. கடைசி வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்களாமா. காலு ஆறி வந்தாலும் இந்த வீதியில வேலை இல்லீங் அவளுக்கு. நீ என்ன சொன்னே, என்றார் நாச்சிமுத்து. நான் என்னத்தச் சொல்லட்டுங்? பாத்து நின்னிருக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. அவ வாயாலயே சொல்றா, என் தப்புத்தானுங்கன்னு. அவர் திருப்புளியை ஓங்கினார், எறியத்தான், யார் மேல் என்று தெரியாமல். வசந்தாமணி ஓரடி பின்னால் போனாள். பிறகு அதைச் சாக்கின்மேல் மெதுவாக வைத்தார். போ, உள்ள போ. அவள் போய்விட்டாள். என் தப்புத்தானுங்க. இந்த நாற்பது வருஷத்தில் எத்தனை பேரிடம் எத்தனை மணி நேரம் வாயாடி, இது உன் தப்பு, சரக்கு மட்டம், எடை குறைவு என்று ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். கத்த வேண்டும், கும்பிட வேண்டும், வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி நடிக்க வேண்டும், அப்போதுதான் எதிராளி இறங்குவான். இவள் கேட்காமலே இறங்கிவிட்டாள். சும்மா கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டால் போதும். இன்னும் இரண்டு திருகாணி.

இரண்டாவது போல்ட்டில் திருப்புளியை வைத்தார், எடுத்தார், வைத்தார். மாட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. விரல் திரும்ப முளைக்கப் போகிறதா? மாட்டாவிட்டால் முளைக்குமா? அதற்கும் முளைக்காது. அப்புறம் எதற்குத் திருப்புளியை எடுத்து எடுத்து வைப்பது? வைத்தியத்தை அவர் பார்த்துக்கொள்ளப் போகிறார், அதில் பேச்சே இல்லை, எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும். அது வேறு. இது வேறு. பார்க்காம கால விட்டுக்கற ஆளு. அவள் பார்க்காத ஆளா? நெல்லு முனையளவு கோரைக் குருத்தை இரண்டடி தள்ளி நின்று பார்த்துவிடுவாள். பார்க்காத ஆள் இங்கே பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். பார்க்காத ஆள் இந்தக் கழுத்தைப் பார்க்கவில்லை, ஓட்டையைப் பாருங்கண்ணா என்று ஒருத்தன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியும் பார்க்கவில்லை. சீ. வாசலில் பைக் சத்தம். கேட்டைத் திறக்கிற கிரீச். நாச்சிமுத்துவுக்கே தெரியாமல் அவர் கைகள் மிசினைப் பிடித்துப் படக்கென்று நேராகத் திருப்பி வைத்துவிட்டன. கழற்றின தடித்த பிளேடு வேஷ்டி மடிப்புக்குள் போயிருந்தது. கைகள் இதையெல்லாம் எங்கே கற்றன என்று நினைத்தார். மிசினுக்கடியில் ஒன்று மெல்லிசாகவும் இரண்டு தடியாகவும் இருந்தன, இப்போது வெளியே எதுவும் தெரியவில்லை. வெள்ளை ஓடு பளபளவென்று, துடைத்துத் துடைத்து வைத்த ஒரு வருஷம்.

வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும், சட்டைப் பையில் கம்பெனிப் பேர், நெற்றியில் காய்ந்த விபூதி. வணக்கம் சார், தினகரன், சர்வீஸிலருந்து. கையில் டேப்லெட். நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. அவன் குனிந்து மிசினின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் படித்து அடித்தான், இரண்டு படம் எடுத்தான், மேலாக. அடேங்கப்பா, சார், ஒரு வருஷம் ஓடுன மிசினுங்களா இது? நேத்துப் பொட்டி பிரிச்ச மாதிரி வச்சிருக்கீங்க. எங்க கஸ்டமர்ல யாரும் இப்படிப் பாக்கறதில்லீங். அடிபட்டது யாருங், வேலைக்கு வர்ற அம்மாங்களா? நாச்சிமுத்து தலையாட்டினார், அல்லது தலை ஆடியது. அவங்க மிசின் ஓடறப்பவே பக்கத்துல வேலை செஞ்சுட்டு இருந்தாங்க, சரிங்களா? சரிங், என்றார் நாச்சிமுத்து. அவ்வளவுதான் சார், நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க. அவன் விரலால் எதையோ தட்டினான். வேலையாள் கவனக்குறைவுன்னு போட்டு முடிச்சர்றேன். ஒரு கேள்வி இல்ல, ஒண்ணுமில்ல. இங்க மட்டும் விரல்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. டேப்லெட் நாச்சிமுத்துவின் முகத்துக்கு நேராக வந்தது. இத்தனை சல்லிசாக ஒரு பேரம் அவர் வாழ்நாளில் படிந்ததில்லை. விரலை நீட்டினார். இந்த விரலைத்தான் சற்று முன்பு அந்தத் தகடு தொட்டுப் பார்த்து ஒதுங்கிக்கொண்டது. கண்ணாடித் திரையில் விரல் படவில்லை, நடுவழியில் நின்றது. சாக்கில் கை ஊன்றி எழுந்து நின்றார். ஏய்யா, என்றார். தினகரன் நிமிர்ந்தான். ஏய்யா, நீ பாக்க வந்த ஆளா, படம் புடிக்க வந்த ஆளா? அதத் திருப்பிப் பாத்தியா நீ? வயித்தப் பாத்தியா? சார், எதுக்குங் சார், நான் உங்களுக்கு நல்லதுக்குத்தானுங்... எனக்கு நல்லது பண்ணச் சொல்லி எவன்யா உன்னக் கூப்புட்டான்? சத்தத்துக்கு வசந்தாமணி வாசற்படிக்கு ஓடி வந்தாள், மேல்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும், கேக்கட்டும். மடிப்பிலிருந்து அந்தத் தடித்த பிளேடை எடுத்து அவன் டேப்லெட்டின் மேலேயே வைத்தார். திருப்பு மிசினை. திருப்புய்யா! ஒண்ணு மெல்லிசா இருக்கும், ரெண்டு தடியா இருக்கும். ஏன்னு கேளு. யார் மாட்டுனதுன்னு கேளு. வாயில என்ன கொழுக்கட்டையா? அவ மேல போட்டத முதல்ல அழி. அழிச்சுட்டு என்னையக் கேளு, நான் சொல்றேன், சொல்லச் சொல்ல எழுது. ஒரு எழுத்து விடக் கூடாது. கேளுய்யா!